நாளுக்கொரு நாழிகை

கல்லூரிச் சஞ்சிகை அச்சுக்குப் போகும் பருவத்தில் தமிழாசிரியர் மேசையிலே கதைகளும் கவிதைகளும் குவிவது வழக்கம். அவற்றுட் பெரும்பாலானவை பிறர் கதைகளின் சாயலிலே நடப்பவை. காதல் கைகூடாத கதாநாயகன் கீரிமலைக் கடற்கரையிலே நின்று அலைகளைப் பார்த்துப் பெருமூச்செறிவான். அல்லது வயோதிபத் தாயொருத்தி வெளிநாட்டிலிருக்கும் மகனின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பாள். இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. நடை பழகும் குழந்தை சுவரைப் பிடித்துத்தான் நடக்கும். ஆயினும், ஆண்டுதோறும் நாலைந்து எழுத்துப் பிரதிகள் வாசிப்பவரை நிமிர்ந்து உட்கார வைத்துவிடும். தன் வீட்டுக் கோடிப்புறத்தில் நடந்ததைத் தன் கண்ணாற் கண்டு, தன் சொல்லிலே சொல்லத் தெரிந்த பிள்ளையின் எழுத்து அது. பதினேழு வயதில் இப்படி எழுதுகின்ற கை முப்பது வயதில் என்னவெல்லாம் எழுதும் என்று எண்ணி ஆசிரியராகிய நாம் மகிழ்வோம்.

முப்பது வயதில் அந்தக் கை பெரும்பாலும் ஒன்றுமே எழுதுவதில்லை.

இருபது ஆண்டுகளாகக் கற்பித்தற் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதனைக் கூறுகின்றேன். அந்தப் பிள்ளைகள் கெட்டுப் போய்விடவில்லை. வங்கியிலும் கச்சேரியிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள், கற்பிக்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். வீதியிலே கண்டால் சைக்கிளை நிறுத்தி மரியாதையாகப் பேசுவார்கள். "இப்போது ஏதாவது எழுதுகிறீரா?" என்று கேட்டால், "எழுத எங்கே சேர் நேரம்?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பன்று என்பதைக் கேட்டவர் அறிவர்.

உண்மையான எழுத்தாளனால் எழுதாமலிருக்க முடியாது, ஆகையால் எழுத்தை நிறுத்தியவன் எழுத்தாளனே அல்லன் என்று வாதிடுவோர் உளர். ஓய்வும் வசதியும் உள்ளவர்களுக்கு இவ்வாறு பேசுவது சுலபம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நெருப்பு உண்மையானதாகவே இருந்து, விறகு தள்ளுவாரில்லாமல் அணைந்துபோன அடுப்புகள் எத்தனையோ. ஆதலால், ஆக்க இலக்கியம் படைப்பவர் அதனை ஆயுள் முழுவதும் எவ்வாறு நடத்திச் செல்வது என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

இங்கிலாந்து தேசத்து நாவலாசிரியர் அந்தனி ட்ரொலோப் (1815-1882) தபாற் பகுதி உத்தியோகத்தர். 1834 ஆம் ஆண்டில் இலிகிதராகச் சேர்ந்து, 1867 இல் பதவி துறக்கும்வரை அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். வீதியோரத்திலே தபாற் பெட்டி நிறுத்தும் வழக்கம் பிரித்தானியரிடையே பரவுவதற்குக் காரணமாயிருந்தவர்களுள் அவரும் ஒருவர். தம் பழைய நண்பர் வில்லியம் கிரகரி இங்கே தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1875 இல், இலங்கைக்கும் வந்து போனார். உத்தியோகத்தின் நடுவிலும் அதன் பின்பும் அவர் எழுதி முடித்த நாவல்கள் 47.

எழுதிய வகையை அவரே தம் சுயசரிதையில் ஒளிக்காமற் கூறியுள்ளார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். முதலில் அரை மணி நேரம் முன்னைய நாள் எழுதியதை வாசித்து, அதன் ஓசையைக் காதில் ஏற்றிக்கொள்வார். பின்னர் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கிலே எழுதுவார். மூன்று மணி நேரம் கழிந்ததும் எழுந்து, உடை மாற்றி, காலை உணவுக்குப் போய்விடுவார். அதன் பின்னர் கந்தோர் வேலை. அவ்வேலை நிமித்தம் புகையிரதத்தில் அலைய நேர்ந்த காலத்தில், மடியில் வைத்தெழுதச் சிறு பலகையொன்றைச் செய்துகொண்டு பென்சிலால் எழுதினார். 1857 இல் வெளிவந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' என்னும் நாவலின் பெரும் பகுதி அவ்வாறு ஓடும் வண்டியில் எழுதப்பட்டதாம்.

அவர் இறந்த மறு ஆண்டு இச்சுயசரிதை வெளிவந்தது. இரசிகர் பலர் முகஞ் சுளித்தனர். கலையைக் கணக்குப் பேரேடாக்கிவிட்டார் என்றனர். சில காலம் அவருடைய புகழும் மங்கியிருந்தது. நாவல்களோ இன்றும் வாசிக்கப்படுகின்றன.

காலையில் மூன்று மணி நேரம் நம்மவர் எவருக்குக் கிடைக்கப் போகிறது? பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, பஸ்ஸைப் பிடித்து, எட்டு மணிக்கு வரவு இடாப்பிற் கையெழுத்திட வேண்டியவர்கள் நாம். ஆயினும் கணக்கைச் சிறிதாக்கிப் பார்க்கலாம். நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்த ஒரு நாழிகையில் ட்ரொலோப்பின் வேகத்தில் நாலிலொரு பங்கு வேகத்திலே, ஏறத்தாழ நூறு சொற்களே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 36,500 சொற்கள். பாதியைக் கிழித்தெறிந்தாலும் ஏழெட்டுச் சிறுகதைகளுக்குப் போதும். நாழிகை கிடைக்கவில்லை என்று கூறுவோர், கைத்தொலைபேசியிற் பிறர் வீட்டுக் கலியாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நாழிகைகளை ஒருநாள் எண்ணிப் பார்ப்பாராக. நான் எண்ணிப் பார்த்தேன். தொகையை இங்கே எழுதுவதாயில்லை.

எல்லார்க்கும் இவ்வழி ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பிராக் நகரத்துப் பிரான்ஸ் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனம் ஒன்றிற் கடமையாற்றியவர். கந்தோர் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். வீடு சந்தடி மிகுந்தது. ஆகவே இரவில் எல்லாரும் உறங்கிய பின்பு எழுத அமர்வார். 1912 செப்தெம்பர் 22 ஆம் திகதி இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாட் காலை ஆறு மணி வரை, ஒரே இருப்பில் 'தீர்ப்பு' என்னும் கதையை எழுதி முடித்தார். எழுத்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதனை அவர் கொண்டாடினார். இந்த ஒரிரவைக் கேள்விப்பட்ட இளைஞர்கள், அத்தகைய இரவொன்று தமக்கும் வரும் என்று காத்திருக்கிறார்கள். அவருடைய நாட்குறிப்பைப் புரட்டினாலோ, ஒன்றும் எழுதவில்லை என்ற குறிப்புகளே மலிந்து கிடக்கும். அவர் தொடங்கிய மூன்று நாவல்களும் முற்றுப்பெறவில்லை. மேதாவிலாசத்திற் காஃப்காவுக்கு ட்ரொலோப் இணையாகார் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அந்த ஒரிரவு வந்தபோது, அவர் மேசையில் அமர்ந்திருந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

இனி, இவ்வாரம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். ட்ரொலோப்பின் கடிகாரத்தைப் பற்றிப் பேசுவோர் அவருடைய கோப்பியைப் பற்றிப் பேசுவதில்லை. ஐந்தரை மணிக்கு அவரை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கென்றே குதிரைலாயத்து முதிய பணியாள் ஒருவர் இருந்தார். அந்த வேலைக்காக ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாக அவருக்குக் கொடுக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளிலும் ஒருநாளாயினும் கோப்பி பிந்தியதில்லையாம். எழுத்தாளர் எழ வேண்டிய நேரத்துக்கு முன்னரே அந்த மனிதர் எழுந்து அடுப்பு மூட்டியிருக்க வேண்டுமன்றோ? தம்முடைய வெற்றிக்கு மற்றெவரையும் விட அவருக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கலாம் என்று ட்ரொலோப் நன்றி மறவாமல் எழுதினார். புகையிரதத்திற் பென்சிலாற் கிறுக்கியவற்றைப் பிரதி எடுத்து உதவியவர் அவருடைய மனைவி றோஸ்.

எழுதுகிறவனுடைய நாழிகை வேறொருவரின் நாழிகையிலிருந்து எடுக்கப்படுவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் வீடுகளில் அது யாருடையது? "அப்பா எழுதுகிறார், சத்தம் போடாதே" என்று பிள்ளைகளை அடக்குகின்ற குரல் அம்மாவினுடையது. அந்த அம்மாவும் பாடசாலைக் காலத்தில் கதை எழுதியவளாக இருந்தால்? "அம்மா எழுதுகிறா, சத்தம் போடாதே" என்று யார் சொல்வது? தமிழ்த் தினப் போட்டிகளிற் சிறுகதைக்கும் கவிதைக்கும் பரிசு பெறுகின்ற பிள்ளைகளைப் பாருங்கள். பெண் பிள்ளைகளே மிகுதி என்பது என் அநுபவம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, நூல் வெளியிடுவோர் வரிசையைப் பாருங்கள். இடையிலே அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்பதை அடுப்படி அறியும்.

வேர்ஜினியா வூல்ஃப் என்னும் ஆங்கில எழுத்தாளர், புனைகதை எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று 1929 இல் வெளிவந்த நூலொன்றில் வாதிட்டார். நியாயமான வாதம். ஆயினும் இரண்டறையும் ஒரு விறாந்தையுமாக உள்ள வீட்டிலே, மாமியாரும் மூன்று பிள்ளைகளும் இருக்க, தனியறை எங்கிருந்து வரும்? அறை இல்லாவிட்டால் நாழிகையாவது வேண்டும். அந்த நாழிகையில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. குழம்பு அடிப்பிடித்தாற் கணவர் எழுந்து போய் இறக்கி வைப்பாராக. இது பெரிய தியாகம் ஒன்றுமன்று.

வீட்டார் துணையிருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) பாடசாலைப் படிப்பு இல்லாதவர். சிறு பிராயத்திலேயே மணமுடித்து வைக்கப்பட்டவர். எழுதப் பழகாதவராகையால், 1924 இல் வெளிவந்த தம் முதல் நாடகத்தை அவர் வாயாற் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். கணவர் பார்த்தசாரதி ஊக்கமளித்தார். மறு ஆண்டிலேயே 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கிய அம்மையார், தம் வாழ்நாளில் 115 நாவல்கள் எழுதினார். அவையெல்லாம் சிறந்தவை என்று நான் சான்று கூற மாட்டேன். ஒரு தோழி கொப்பியும் பேனையுமாக வந்து அருகில் அமர்ந்திராவிட்டால் அவற்றில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் சொல்வேன்.

உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராகலாமா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. இந்நாட்டிலே தமிழில் எழுதிச் சோறுண்ண முடியாது. கதைத் தொகுதி ஒன்று முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதி அச்சாகும். அச்சுக்கூலியை எழுதியவரே கொடுப்பார். வெளியீட்டு விழாவிலே வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முதற் பிரதியை உறையிலிட்ட பணத்துடன் பெற்றுக்கொள்வார். மிகுதிப் பிரதிகள் கட்டிலின் கீழ் இருக்கும். (விழாவுக்கு வந்து உரையாற்றுவோருட் சிலரேனும் நூலை வாசித்துவிட்டு வந்தால் நன்று, அது வேறு கதை.) ஆதலால் உத்தியோகத்தை எழுத்தின் சத்துருவாக எண்ணுவது வீண். நம் முன்னோடிகளைப் பாருங்கள். ஈழத்துச் சிறுகதைக்குக் கால்கோள் இட்டவர்களுள் ஒருவரான இலங்கையர்கோன் காரியாதிகாரியாக இருந்தவர். 1961 இல் அவர் காலமானபோது வயது நாற்பத்தாறு. 'வெள்ளிப் பாதசரம்' என்ற தொகுதி மறு ஆண்டே நூலாயிற்று. அளவெட்டியிற் பிறந்த மஹாகவி இலிகிதராகத் தொடங்கி நிர்வாக சேவையில் உயர்ந்தவர். 1971 இல் நாற்பத்துநான்கு வயதில் மறைந்தார். நீலாவணன் ஆசிரியர். கோப்புக் கட்டுகளுக்கும் பயிற்சிக் கொப்பிகளுக்கும் இடையிலே நின்றுதான் இவர்கள் எழுதினார்கள்.

டொமினிக் ஜீவாவின் கதை இன்னும் பெரிது. 1927 இற் பிறந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, யாழ்ப்பாணத்திலே சிகையலங்காரத் தொழில் செய்தவர். தொழில் செய்த இடத்திலேயே 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' என்ற மாத இதழைத் தொடங்கினார். இதழைத் தாமே கையிற் கொண்டு சென்று ஆட்களைக் கண்டு விற்றார். யுத்தம், இடப்பெயர்வு, காகிதத் தட்டுப்பாடு ஆகிய அத்தனைக்கும் நடுவே, பின்னர் கொழும்புக்குப் பெயர்ந்தும், 2012 வரை ஏறத்தாழ 400 இதழ்களை வெளிக்கொணர்ந்தார். 2021 இல் காலமானார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நாம் நேரமில்லை என்று சொல்லுமுன் இம்மனிதரை ஒருமுறை நினைக்க வேண்டும். எனக்கு அவரை நினைக்கும்போதெல்லாம் சிறிது வெட்கமாகவே இருக்கும்.

ஒருநாளைக்கு எவ்வளவு எழுதலாம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது பழமொழி. வலிகாமத்துக் கமக்காரரைக் கேட்டால் மூன்றாவது ஒன்றையும் சொல்வர்: மிதமிஞ்சி இறைத்த கிணறு உவர்க்கும். நம் சுண்ணாம்புக் கற்பாறையின் அடியிலே நன்னீர் மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதக்கின்றது. துலாவால் இறைத்த காலத்திற் கிணற்றுக்கு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. இயந்திரம் வைத்து ஒட்ட இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறிவிடும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயும் இதையொத்த அறிவுரையைக் கூறியிருக்கிறார். அடுத்து என்ன நடக்கப் போகிறதென்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்பார். விடுமுறை நாளிலே பத்து மணி நேரம் எழுதிக் குவித்துவிட்டுப் பின் மூன்று மாதம் கொப்பியைத் திரும்பிப் பாராத மாணவர்கள் இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். நான் சொன்ன நாழிகை போதாமல் நெஞ்சிலே ஒரு வாக்கியம் மிஞ்சி நிற்குமானால், அதுவே மறுநாள் உங்களை மேசைக்கு அழைத்து வரும்.

இடையில் நின்றுபோனவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொக்குவிலைச் சேர்ந்த அ. முத்துலிங்கம் 1964 இல் 'அக்கா' என்ற சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். கணக்காளராகவும் சர்வதேச நிறுவனங்களின் உத்தியோகத்தராகவும் தேசந்தேசமாக வாழ்ந்தார். அவருடைய அடுத்த தொகுதியான 'திகடசக்கரம்' வெளிவந்தது 1995 இல். இடையிலே முப்பத்தோராண்டு! இன்று தமிழுலகம் முழுவதும் விரும்பி வாசிக்கும் எழுத்தாளர்களுள் அவர் ஒருவர். அவர் கண்ட தேசங்களும் மனிதர்களும் பின்னர் கதைகளாயின. நாற்பது வயதிலே பழைய கொப்பியைத் தேடி எடுப்பவர் காலங்கடந்துவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை.

தேடினாற் கொப்பி இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்தோபரில் ஊரே எழுந்து வெளியேறியபோது, உடுத்த துணியோடு போனவர்கள் கையெழுத்துப் பிரதிகளையா சுமந்தார்கள்? எத்தனை வீடுகளில் எத்தனை கொப்பிகள் மழையிலும் கறையானிலும் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்னும் இணைய நூலகம் அச்சில் வந்தவற்றைத் தேடித் தேடிக் காத்து வருகின்றது. அதன் தொண்டு பெரிது. அச்சேறாதவற்றை வீட்டார்தான் காக்க வேண்டும்.

பெற்றோர்களே, பரீட்சை முடிந்ததும் பழைய கொப்பிகளைக் கட்டிக் கடைக்கு நிறுத்துக் கொடுப்பதற்கு முன்பு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கணிதக் கொப்பியின் பின்பக்கங்களிலே பிள்ளை ஏதாவது எழுதியிருக்கும். அதைக் கிழிக்காமல் எடுத்து, மேலே பெயரும் திகதியும் எழுதுவித்து, கைத்தொலைபேசியில் ஒரு படமெடுத்து, வேறூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மூலப் பிரதியை அலுமாரியில், உறுதிப் பத்திரங்கள் இருக்கும் தட்டிலேயே வைக்கலாம்.